டிராக்டரும் மிஷினும்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் 22 வருஷமாக டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நாலைந்து முறை ஸ்பேனர் பெட்டியோடு என்னை அவசரமாக வயலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் பழுது எதுவும் இருக்காது. உள்ளே சிக்கிய ஆளை எடுக்க போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்படிப் போய் வந்த பிறகுதான், வண்டி விட வருகிறவர்களிடம் நானாகவே பேச ஆரம்பித்தேன். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அண்ணே, டிராக்டர்ல எதுதான் ரொம்ப ஆபத்து? ஓட்டுறதா, பின்னாடி சுத்துறதா?

உயிரை எடுப்பதில் முதலில் நிற்பது வண்டி கவிழ்வது. கை, கால், விரலை எடுப்பது பின்னால் சுற்றுகிற பாகங்கள். அதாவது பி.டி.ஓ. ஷாஃப்ட் (இன்ஜின் பலத்தைப் பின்னால் மாட்டிய மிஷினுக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டு), ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) கத்தி, கதிரடிக்கும் மிஷினின் உருளை. இவை போக ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய கலப்பை இறங்கிக் காலில் விழுவது, பேன் பெல்ட்டில் விரல் போவது என்று சில்லறைக் கணக்கு தனியாக உண்டு. என் இடது கைச் சுண்டுவிரலில் நுனி கிடையாது. பெல்ட் இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று இன்ஜின் ஓடும்போதே தொட்டுப் பார்த்த புத்திசாலி நான்.

பி.டி.ஓ. லிவரை எடுத்துட்டா போதாதா? ரொட்டவேட்டர்ல சிக்குனத எடுக்க இன்ஜினையே நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டும். லிவரை எடுத்ததும் கத்தி உடனே நிற்பதில்லை, கொஞ்ச நேரம் சுற்றித்தான் ஓயும். தேய்ந்த பழைய வண்டியில் லிவர் அதிர்விலேயே திரும்ப விழுவதுண்டு. சீட்டில் ஒரு சின்னப் பையன் ஏறி விளையாடினாலும் விழும். நீங்கள் குனிந்திருப்பது பின்னால். முன்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வரிசை இதுதான்: பி.டி.ஓ.வை எடுங்கள், ரொட்டவேட்டரைத் தரையில் இறக்குங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், சாவியை உருவிச் சட்டைப்பையில் போடுங்கள், சுற்றுவது முழுக்க நின்றபின் கிட்டே போங்கள். அடியில் கை விட வேண்டிய வேலை என்றால் தூக்கி நிறுத்தி, கீழே கனமான கட்டை கொடுத்துவிட்டுத்தான் கை விட வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் போகாதீர்கள். ஒரு சீல் போனாலோ, யாராவது லிவரைத் தட்டினாலோ மொத்தமும் இறங்கிவிடும்.

வைக்கோல் கட்டும் மிஷினுக்கும் இதே வரிசைதான். சம்பா அறுவடை முடிந்ததும் ஊர் முழுக்க இந்த மிஷின்தான் ஓடுகிறது. வாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டால் காலால் உள்ளே தள்ளுகிறார்கள். அடைப்பு விடுபட்டதும் அது இழுக்கிற வேகம் நாம் காலை எடுக்கிற வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

சொல்றது சரிதான், ஆனா நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகாதே?

இந்தக் கேள்வியைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கேட்பவர் சோம்பேறியும் இல்லை, விவரம் தெரியாதவரும் இல்லை. பேட்டரி இறங்கிப் போயிருக்கும், இல்லை செல்ப் மோட்டார் சரியிருக்காது. காலையில் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்த வண்டியை, அரை நிமிஷ வேலைக்காக நடுவயலில் யார் நிறுத்துவார்கள்? மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, வயல்காரர் வரப்பில் நின்று கடிகாரம் பார்க்கிறார். நான் ஸ்பேனரோடு போய் நின்ற இடங்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட வண்டிகள்தான்.

அதனால் பாதுகாப்புக்கு முதல் செலவு என்ன என்று கேட்டால் பேட்டரி என்பேன். நிறுத்தினால் உடனே எடுக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஆள் நிறுத்துவான்.

இதிலேயே இன்னொன்று. செல்ப் எடுக்கவில்லை என்று கீழே நின்றுகொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனை இரண்டையும் இணைத்து ஸ்டார்ட் செய்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. வண்டி கியரில் இருந்தால் அந்த நொடியே நகரும். நீங்கள் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரலில், கிளட்ச் மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஷாஃப்ட் மேல இருந்த பிளாஸ்டிக் குழாய் உடைஞ்சிடுச்சு. அது இல்லாமலே ஓடுதே, எதுக்கு மாத்தணும்?

அது இல்லாமல் வண்டி நன்றாகவே ஓடும். நமக்காக வைத்த குழாய் அது. பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. ஷாஃப்ட் 6 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 19 செ.மீ. துணியைச் சுருட்டும். ஒரு நொடியில் 1.7 மீட்டர். தோளில் கிடக்கும் துண்டு முழுசாக உள்ளே போக ஒரு நொடி போதும். “அய்யோ” என்று நினைத்துக் கையை இழுக்கவே நமக்கு முக்கால் நொடி ஆகிறது.

ஷாஃப்ட் வழவழப்பாகத்தானே இருக்கிறது, எதில் மாட்டும் என்று கேட்பார்கள். ஜாயிண்டில் இருக்கிற பின், கிரீஸ் நிப்பிள், காய்ந்து ஒட்டிய சேறு எல்லாமே துணியைப் பிடிக்கும். குழாய் போட்டபின் அதன் சங்கிலியை மறக்காமல் மாட்டுங்கள். சங்கிலி இல்லாவிட்டால் குழாயும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும், போட்டதற்கு அர்த்தமே இல்லை. ஓடுகிற ஷாஃப்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, வண்டியைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

அப்போ லுங்கி கட்டிக்கிட்டு ஓட்டவே கூடாதா? எங்க அப்பா முப்பது வருஷமா அப்படித்தான் ஓட்டுறாரு.

உழவு ஓட்டும்போது சீட்டில் உட்கார்ந்திருக்கிறவரை உங்கள் அப்பாவுக்கு அவ்வளவாகப் பிரச்சினை வராது. இறங்கிப் பின்னால் போகும்போதுதான் வரும். அரைக்கால் டவுசர், உடம்போடு ஒட்டிய பனியன், இதுவே போதும். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினால்கூட முனை தொங்கும், கழற்றி வைத்துவிடுங்கள்.

பெண்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். கதிரடிக்கும் இடத்தில் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். சுணை படாமல் இருக்க அது நல்லதுதான், ஆனால் பட்டன் போடாமல் விட்டால் சட்டையே முதலில் மாட்டும். முந்தானையைச் செருகி, சட்டையைப் பூட்டி, கொண்டையை இறுக்கி முடிந்து அதன்மேல் துணி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சுடிதார் போடுகிற பிள்ளைகள் துப்பட்டாவைக் களத்துக்கே கொண்டுவர வேண்டாம்.

மட்கார்டுல பையனை உக்கார வச்சுக்கிட்டுப் போறோம். மெதுவாத்தான் ஓட்டுறேன்.

வேகம் இங்கே கணக்கே இல்லை. மட்கார்டு உட்காரும் இடம் கிடையாது. ஒரு வரப்பில் ஏறி இறங்கினால் பையன் விழுவது பின் சக்கரத்துக்கு முன்னால்தான், சில சமயம் ரொட்டவேட்டருக்கு முன்னால். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிப்பதற்குள் சக்கரம் ஏறியிருக்கும். ரோட்டில் டிராக்டரில் ஆள் ஏற்றக் கூடாது என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. பையன் அழுதால் அழட்டும்.

சேத்துல வண்டி சிக்கிக்கிட்டா, பின் டயர்ல கட்டையக் கட்டி ஏத்துறோமே, அது தப்பா?

ரொம்பத் தப்பு. டெல்டாவில் நாற்றங்கால் உழவின்போது வருஷா வருஷம் நடப்பது இது. சக்கரம் சுற்ற முடியாமல் கட்டை பிடித்துக்கொண்டால், இன்ஜினின் பலம் வேறு வழி தேடும். சக்கரம் அப்படியே நிற்க, வண்டியின் முன்பக்கம் அச்சைச் சுற்றி மேலே எழும்பும். தூக்கிப் பின்னால் மல்லாக்கப் போட ஒன்றரை நொடிதான். “முன் சக்கரம் தூக்கினால் கிளட்சை மிதித்துக்கொள்கிறேன்” என்று எல்லாரும் சொல்வார்கள். தூக்குவது தெரிந்து கால் போவதற்குள் மீள முடியாத கட்டம் தாண்டிவிடும்.

சிக்கினால் முதலில் ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். பின்னால் எடுக்கும்போது முன்பக்கம் எழும்பாது. சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டி விடுங்கள். அதற்கும் வராவிட்டால் இன்னொரு வண்டி வைத்து இழுங்கள், அதற்கான விதி அடுத்த பதிலில்.

இழுக்கிற கயித்தை டாப் லிங்க்ல மாட்டலாமா? அங்கதான் ஈஸியா மாட்ட வருது.

கூடாது. டாப் லிங்க் என்பது கலப்பையைப் பிடிக்கும் மேல் கம்பி, பின் அச்சுக்கு மேலே இருப்பது. இழுக்கிற பாரத்தை அங்கே மாட்டினால் முந்தின பதிலில் சொன்ன மாதிரியே வண்டி மல்லாக்கப் புரளும். கீழே இருக்கிற இழுவைக் கட்டையில் (டிராபார்), அச்சுக்குக் கீழே மட்டும் மாட்டுங்கள். மரவேர் பிடுங்குவதும் இதில் சேரும். கயிறோ சங்கிலியோ அறுந்தால் சாட்டை மாதிரி வரும், அது எட்டும் தூரத்தில் ஒருத்தரும் நிற்கக் கூடாது.

வாய்க்கால் ஓரம், கிணத்து ஓரம் எவ்வளவு தள்ளி ஓட்டணும்?

எளிய கணக்கு ஒன்று உண்டு. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து தள்ளி. 5 அடி ஆழ வாய்க்கால் என்றால் 5 அடி. மழைக்குப் பிறகு அதுவும் போதாது. கரை மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே ஊறியிருக்கும்.

கிணறு வேறு கதை. கொங்குப் பக்கம் இருக்கிற மாதிரி ஆழமான திறந்த கிணற்றுக்கு இந்தக் கணக்கைப் போட முடியாது. சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி நாலு கல் நட்டு, அதற்குள் மிஷினே வராதபடி செய்துவிடுங்கள். அந்த அஞ்சு சென்ட்டை மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம். கிணற்றுப் பக்கம் ரிவர்ஸ் எடுப்பதென்றால் கீழே ஓர் ஆள் நின்று கை காட்ட வேண்டும், அவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது.

மேல டாப் போட்டிருக்கேன், கவுந்தாலும் தாங்கும்ல?

நிழலுக்குப் போட்ட தகரம் தாங்காது. கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற சட்டகம் வேறு. வண்டியின் அச்சோடு போல்ட் போட்டு நிற்கிற கனமான இரும்பு வளைவு அது. சுவீடன் நாட்டில் 1959 முதல் புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள், அதற்குப் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது மிகவும் குறைந்துவிட்டது. நம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. புதுசு வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். வெல்டிங் பட்டறையில் சொந்தமாகச் செய்து மாட்டாதீர்கள், எந்த இடத்தில் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது சோதித்துப் பார்த்துச் செய்கிற விஷயம்.

சீட் பெல்ட் விஷயம் கொஞ்சம் குழப்பம் தரும். அந்த இரும்பு வளைவு இருந்தால் பெல்ட் கட்டாயம் போட வேண்டும், கவிழும்போது வளைவுக்குள்ளேயே நம்மை வைத்திருப்பது அதுதான். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது, வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

ரோட்டுல போறப்ப ரெண்டு பிரேக்கையும் சேத்து மாட்டணுமா?

ஆமாம். டிராக்டரில் இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் மிதி உண்டு, வயலில் திருப்ப வசதியாக இருக்கட்டும் என்று பிரித்து வைப்பது அது. ரோட்டில் அவசரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் வண்டி அந்தப் பக்கம் வெட்டிக் கவிழும். வயலை விட்டு ஏறியதும் கொக்கியைப் போடுங்கள். டிரைலருக்குப் பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ராத்திரி பைக்கில் வருகிறவர்களுக்கு விளக்கில்லாத டிரைலர் கண்ணிலேயே படாது.

உளுந்து அடிக்கிற மிஷின்ல கை போகாம இருக்க என்ன பாக்கணும்?

கதிர் தள்ளும் தட்டைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி தட்டு குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், உருளைப் பக்கமாக அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். காரணம் ரொம்ப எளிது: மூடிய பகுதி அவ்வளவு நீளம் இருந்தால், கையை நீட்டினாலும் உருளையை எட்டுவது கஷ்டம். உள்ளூரில் மலிவாகச் செய்து கொடுக்கும் மிஷின்களில் இந்த மூடிதான் முதலில் காணாமல் போகிறது. இருக்கிற மூடியையும், தள்ளுவதற்கு இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள்.

கதிரடிக்கும் மிஷினால் கை இழந்தவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்களுக்கென்றே மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேலை செய்பவருக்குக் காயம் பட்டால் இழப்பீடு கொடுப்பதும் அதில் இருக்கிறது. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அடிப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

அப்புறம் ஆள் கணக்கு. தட்டில் தள்ளுபவரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கண் திறந்திருந்தாலும் ஆள் பாதித் தூக்கத்தில் இருப்பார். ஈரக் கதிரைப் போடாதீர்கள், அது கையைச் சுற்றிக்கொள்ளும். மது குடித்தவரைக் களத்துக்குள்ளேயே விடக் கூடாது.

அறுவடை மிஷின் கரண்ட் கம்பியில பட்டுட்டா குதிச்சிடணுமா?

குதிக்கக் கூடாது. உள்ளே இருக்கிறவரை நீங்களும் மிஷினும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறீர்கள், உங்கள் வழியாக மின்சாரம் போக வழியில்லை. ஒரு கால் தரையிலும் ஒரு கை மிஷினிலும் இருக்கிற அந்த நொடியில்தான் உயிர் போகும். சீட்டிலேயே இருந்துகொண்டு, கிட்டே ஓடி வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்துங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. லைன் நிறுத்தியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லும்வரை இறங்காதீர்கள். தீப்பொறி அணைந்த கம்பியில் திரும்ப மின்சாரம் வரலாம்.

மிஷின் தீப்பிடித்தால் மட்டும் குதிக்கலாம். இரண்டு காலையும் சேர்த்து, மிஷினில் கை படாமல் குதித்து, அதே மாதிரி கால்களைச் சேர்த்தே சிறுசிறு தத்தலாக விலகிப் போங்கள். நீளமாக அடி எடுத்து வைத்தால் இரண்டு காலுக்கும் இடையில் மின்னழுத்தம் மாறுபடும். இதெல்லாம் வராமல் இருக்க, வயலில் இறங்கும் முன் பகலிலேயே ஒரு சுற்று நடந்து கம்பி தாழ்ந்திருக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெல் கொட்டும் குழாயைத் தூக்கி வைத்தபடி வண்டியை நகர்த்தாதீர்கள்.

பவர் டில்லர்ல டிரைலர் மாட்டி பாலத்துல இறங்கினேன். இடது பக்கம் பிடிச்சா வலது பக்கம் போகுது. பேயா?

பேய் இல்லை. பவர் டில்லர் என்கிற கைப்பிடி உழவு மிஷினில் இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி கிளட்ச் உண்டு. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இழுவை போய்விடும், வலது சக்கரம் தள்ள, வண்டி இடதுபக்கம் திரும்பும். இறக்கத்தில் டிரைலர் பின்னாலிருந்து தள்ளுகிறது. அப்போது இன்ஜின் வண்டியைத் தள்ளாது, பிடித்து நிறுத்தப் பார்க்கும். இடது கிளட்சைப் பிடித்ததும் இடது சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக ஓடும், வலது சக்கரம் பிடிபட்டு நிற்கும். வண்டி வலதுபக்கம் வெட்டும், அங்கே ஆறு இருக்கும்.

இறக்கத்தில் அந்தக் கிளட்சுகளைத் தொடவே தொடாதீர்கள். மேலே இருக்கும்போதே சின்ன கியருக்கு மாறி, கைப்பிடியைத் திருப்பியே ஓட்டுங்கள். உழவின்போது ரிவர்ஸ் எடுப்பதென்றால் கத்தி சுற்றுவதைத் துண்டித்துவிட்டு எடுங்கள். பின்னால் மரமோ சுவரோ இருந்தால் கைப்பிடிக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

ஹைட்ராலிக் ஹோஸ்ல எங்கயோ லீக் ஆகுது, கண்ணுக்குத் தெரியல. விரல் வச்சுத் தடவிப் பாக்கலாமா?

வேண்டாம். ஊசித் துளையில் அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள், எண்ணெய் படுகிற இடம் தெரியும். விரலில் பட்டுவிட்டால் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

யாராவது மாட்டிக்கிட்டா மிஷினைப் பின்னாடி சுத்தி எடுக்கலாமா? விரல் துண்டாயிட்டா?

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, 108க்கும் தீயணைப்புக்கு 101க்கும் சொல்லுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் கத்தி இன்னொரு முறை கிழிக்கும். போல்ட்டைக் கழற்றிப் பாகம் பாகமாக எடுப்பதுதான் வழி. அதற்குள் ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். மஞ்சள் தூளும் காப்பித் தூளும் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. ஒட்ட முடியுமா முடியாதா என்பதை டாக்டர் சொல்லட்டும், நாம் முடிவு செய்து வயலில் விட்டுவிட்டு வரக் கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலுதவி முடிந்ததும் எங்கே அனுப்புவது என்று கேளுங்கள்.

அடிபட்டா அரசாங்கத்துல காசு கிடைக்குமா?

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும் உதவித்தொகை உண்டு. உங்களிடம் அட்டை இருக்கிறதா, பேர் சரியாக இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் இப்போதே பார்த்துவையுங்கள். பேங்க் கணக்கில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாய் பிடிப்பார்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம். இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ முழுசாகச் செயலிழந்தால் 1 லட்சம். விரல் போனதெல்லாம் அதில் வராது.

எல்லாம் சரிண்ணே, எங்க அப்பாகிட்ட யாரு சொல்றது? சொன்னா “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஓட்டுனவன்டா”ங்கிறாரு.

லுங்கி பற்றிக் கேட்ட தம்பிதான் இதையும் கேட்டார். அவர் அப்பாவை எனக்குத் தெரியும், என்னிடமும் அதையேதான் சொல்வார். அறுபது வயதுக்காரரிடம் பாடம் நடத்திப் பார்த்து நான் ஜெயித்ததில்லை. அதனால் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றிவிடு என்று சொன்னேன். அப்படியே ஷாஃப்ட்டுக்கும் புதுக் குழாய் போட்டுவிட்டோம். போன வாரம் அந்த வழியாகப் போனபோது பெரியவர் ரொட்டவேட்டர் பக்கத்தில் குனிந்திருந்தார். லுங்கிதான் கட்டியிருந்தார். இன்ஜின் சத்தம் கேட்கவில்லை.